சிறந்த நடிகை விருது பெற்ற கவசம்

இந்த வருடத்தின் சிறந்த நடிகைக்கான விருது என் மனைவி போட்டுக்கொண்டிருந்த உடுப்புக்குக் கிடைத்தது. மனைவிக்கு இல்லை, உடுப்புக்கு. இதைச் சொன்னால் நான் ஏதோ மனத்தாங்கலில் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறார்கள். மனத்தாங்கல் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மிகைப்படுத்துவதற்கு உயர் நடிப்பு மன்றம் எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல் டாக்டர்களின் நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவன். சாயாத நாற்காலியைச் சாய வைப்பேன், சாய்ந்தே கிடப்பதை நிமிர்த்துவேன். என் மனைவி நடிகை. உலகத்தின் கடைசி நகரத்தை இயந்திரங்களிடமிருந்து ஒரு பெண் காப்பாற்றுவாளே, அந்தப் படவரிசையின் கதாநாயகி. ஆறு படங்களில் ஆறு முறை காப்பாற்றிவிட்டாள். நகரம்தான் திருந்துகிற வழியாக இல்லை.

படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தலை முதல் கால் வரை கவசம், முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடி மூடி. மூடி திறந்திருக்கும் இடங்களில் புகை. புகை விலகும் இடங்களில் மூடி. கடைகளில் அந்தக் கவசம் பொம்மையாகக் கிடைக்கிறது, தலையைத் திருகினால் உள்ளே மிட்டாய் இருக்கும். படப்பிடிப்பில் அவளுக்குப் பெயரே ‘உள்ளாள்’. “உள்ளாள் ரெடியா?” என்று உதவி இயக்குநர் கத்துவார். “உள்ளாள் சாப்பிட்டாச்சா?” என்று சமையல்காரர் விசாரிப்பார். என் மாமியார் ஒவ்வொரு படத்தையும் முதல் நாளே பார்த்துவிட்டு வந்து மகளிடம் ஆசையாகக் கேட்பார்: “படம் பிரமாதம்டி. நீ எந்த எடத்துல வர்றே?”

இதையெல்லாம் அவள் சிரித்தே தள்ளிவிடுவாள். சிரிக்க முடியாமல் போனது, ஆறாவது படம் முடிந்ததும் தயாரிப்பாளர் கூப்பிட்டுப் பேசியபோதுதான்.

“ஏழாவது படத்துல மூடியை மூடியே வெச்சிடலாம்னு இருக்கோம்மா. உள்ள யார் இருந்தா என்ன? வெளில கவசம்தானே நடிக்குது?”

“நான் நடிக்கிறேன் சார்.”

“நீ நடிக்கிறேன்னு நீயே சொன்னா எப்படி? மன்றம் சொல்லணும். விருதைக் கொண்டு வா, ஏழாவது படத்துல மூடியைத் திறந்தே வெக்கறேன். கிட்டக்க வெச்சு எடுக்கறேன். இது என் வாக்கு.”

விருது வராவிட்டால் அவளுக்குப் படமும் இல்லை, முகமும் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, “நாளைக்கு லீவு போடுங்க, மன்றத்துக்குப் போகணும்” என்றாள்.

உயர் நடிப்பு மன்றத்தின் கட்டடத்தை நடிப்புக் கலைக்காகக் கட்டினார்களா, தூண்களுக்காகக் கட்டினார்களா என்று தெரியவில்லை. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க விருது வாங்கியவர்களின் படங்கள். அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். தனியாக அழுகிறவர்கள், குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள், மழையில் நனைந்து அழுகிறவர்கள். துக்க வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்டவனைப் போல நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

செயலாளர் அன்பானவர். அன்பாக மறுப்பதற்காகவே அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

“உங்க முதல் அஞ்சு படமும் எங்ககிட்ட வந்திருக்கு மேடம். வடிகட்டினதுல ஒண்ணும் மிஞ்சலை.”

“வடிகட்டறதுன்னா?”

அவர் எங்களை வடிகட்டும் அறைக்கே அழைத்துப் போனார். அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நடுவர்களின் பார்வைக்குப் போகும் படங்களிலிருந்து நடிப்பு அல்லாதவற்றை நீக்கிக்கொண்டிருந்தார். சண்டை நடிப்பு அல்ல. ஓட்டம், தாவல், விழுதல் அல்ல. விண்கலம் தெரிந்தால் அது அறிவியல். சிரிப்பு வந்தால் அது பொழுதுபோக்கு. நடிப்பவருக்கு வியர்த்தால் அந்தக் காட்சியே போயிற்று.

“வியர்த்தா என்னங்க?” என்றேன்.

“வியர்வை உழைப்பு சார். கண்ணீர்தான் நடிப்பு” என்றார் செயலாளர். “ரெண்டும் உப்புத் தண்ணிதான். ஆனா வர்ற எடம் முக்கியம்.”

அவளுடைய முதல் ஐந்து படங்களும் வடிகட்டி முடித்தபோது வெறும் கறுப்புத் திரையாக நடுவர்களிடம் போயிருக்கின்றன. மூன்றாவது படத்தை ஒரு நடுவர் துணிச்சலான முயற்சி என்று பாராட்டினாராம்.

“ஆறாவதுல ஒரு காட்சி இருக்கு சார்” என்றாள் அவள். குரலில் கெஞ்சல் எட்டிப் பார்த்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. “கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரங்க. நான் தோளைக் கொடுத்துத் தாங்கிட்டிருக்கேன். கூட்டாளி வயர்லெஸ்ல பேசறா, சாகப்போறா. ‘ஆளுங்க வந்துட்டிருக்காங்க, பயப்படாதே’ன்னு நான் சொல்லணும். யாரும் வரலைன்னு எனக்குத் தெரியும். மூடி திறந்துதான் இருந்தது. அதைப் பாருங்க.”

மூக்குக்கண்ணாடிக்காரர் அந்தக் காட்சியைத் தேடி எடுத்தார். நானும் பார்த்தேன். வீட்டில் அவள் இந்தக் காட்சிக்காகப் பல நாள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தவள். திரையில் அவள் குரல் ஒரு பொய்யை அவ்வளவு நிதானமாகச் சொல்ல, கண் மட்டும் அந்தப் பொய்க்கு உடன்படாமல் தவித்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு அந்த முகத்தைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தொப்பியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மூக்குக்கண்ணாடிக்காரரும் மூக்கை உறிஞ்சினார். பிறகு, “கதவைத் தள்றாங்க. அப்ப இது சண்டை” என்று சொல்லி அதை நீக்கிவிட்டார்.

செயலாளருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மேல்முறையீட்டுக்கு ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். அதன் பெயர் நேர் நிரூபணம். தலைவரும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் நேரில் நடித்துக் காட்ட வேண்டும்.

அடுத்த வாரம் போனோம். நீள மேசை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் முன்னால் மடித்து வைத்த வெள்ளைக் கைக்குட்டை. தலைவர் நடுவில் இருந்தார். ஒரு காலத்தில் நாடக மேடையில் மன்னர்களாகவே நடித்தவர். நாடகம் முடிந்ததை அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

“அம்மா, உங்கள் படங்களை நான் பார்த்ததில்லை” என்று தொடங்கினார். “தவறாக எண்ணாதீர்கள். யாருடைய படத்தையும் நான் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் மனம் ஒருபக்கம் சாய்ந்துவிடும். நடுநிலை என்பது அவ்வளவு கடினமான தவம்.”

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அவள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். தள்ளுவதற்குக் கதவு தோதாக இல்லை. மூலையில் இருந்த கோப்பை அலமாரிக்குத் தோளைக் கொடுத்து நின்றுகொண்டாள். கவசம் இல்லை, புகை இல்லை. சாதாரணப் பருத்திச் சட்டை. இல்லாத வயர்லெஸ்ஸைக் காதில் வைத்துக்கொண்டு, “ஆளுங்க வந்துட்டிருக்காங்க” என்றாள். “வெளக்கு வெளிச்சம்கூடத் தெரியுது. நீ கண்ணை மட்டும் மூடாதே.”

அலமாரிக்குள் கோப்பைகள் நடுங்கிக் கிணுகிணுத்தன. மேசையில் யாரும் அசையவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு வயதான உறுப்பினர் விம்மிவிட்டார். கைக்குட்டையை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

முடிந்ததும் ஒரு உறுப்பினர் எழுந்து அவள் முகத்துக்கு அருகே வந்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். “கண் கலங்கியிருக்கு. துளி வெளியே வந்திருக்கு. ஆனா கன்னத்து எலும்பைத் தாண்டலை” என்று அறிவித்தார்.

“எலும்பைத் தாண்டணுமா?” என்றாள் அவள்.

“எலும்புக்கு மேலே நிக்கறது வருத்தம். எலும்பைத் தாண்டினாத்தான் நடிப்பு.”

“அவ அழக்கூடாதுங்க” என்றேன் நான், எனக்கு அங்கே பேச அனுமதி இல்லாவிட்டாலும். “அழுதா அந்தப் பக்கம் சாகற பொண்ணுக்குத் தெரிஞ்சிடும். அழாம இருக்கறதுதானே அங்க வேலை? அவர் அழறாரே, அது போதாதா?”

எல்லாரும் வயதான உறுப்பினரைப் பார்த்தார்கள். அவர் கன்னத்தில் எலும்பெல்லாம் தாண்டிக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் என்னைப் பரிவோடு பார்த்தார். “அழுதவர் உறுப்பினர். ஆகவே அந்த நடிப்பு அவரைச் சேரும். பிறர் கண்ணீரை ஒரு கலைஞர் சொந்தம் கொண்டாட இந்த மன்றம் அனுமதித்தால், நாளைக்கு வெங்காயம் விற்பவர்களும் வந்து நிற்பார்கள்.”

வெளியே வந்ததும் அவள், “அலமாரி நல்லாத் தாங்கிச்சு” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்துச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஒரு நாற்காலியின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“வாழ்த்துகள் சார்! சிறந்த நடிகை விருது உங்க வீட்டுக்குத்தான் வருது!”

திருப்புளி கையிலிருந்து விழுந்தது. வேலையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினேன். அவள் செய்தியைக் கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, “மூடி திறக்கும்” என்றாள். பிறகு எழுந்து என்னைப் பிடித்துச் சுற்றினாள். இயந்திரங்களைத் தூக்கி எறிந்து பழகிய கை, எனக்கு விலா வலித்தது. மாமியாருக்குப் போன் போட்டாள். மாமியார், “எந்தப் படத்துக்குடி?” என்றார்.

விவரம் மறுநாள் மன்றத்தில்தான் தெரிந்தது.

ஆறாவது படத்தை வடிகட்டியபோது முதன்முதலாக ஏதோ மிஞ்சியிருக்கிறது. சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, கதாநாயகி கவசத்தைக் கழற்றி ஒரு மூலையில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போவாள். காலி அறையில் காலிக் கவசம் நிற்கும். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் மெல்ல நகரும். சண்டை இல்லை, ஓட்டம் இல்லை, வியர்வை இல்லை. அதை நடுவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களாம்.

“என்ன ஒரு அடக்கம்!” என்றார் செயலாளர். “கண்ணைக்கூட இமைக்கலை மேடம்!”

“அதுக்குக் கண்ணே கிடையாது சார்.”

“அதையேதான் நடுவர்களும் சொன்னாங்க. கண்ணே இல்லாம இவ்வளவு உணர்ச்சி!”

“விதி இருக்கே?” என்றேன். “எலும்பு?”

அவர் அந்தக் காட்சியை ஓடவிட்டார். கவசத்தின் கண்ணாடி மூடியில் ஒரு நீர்த்துளி தோன்றி, மெதுவாக இறங்கி, கன்னம் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கழுத்துப் பட்டைக்குள் போய் மறைந்தது.

“அன்னிக்கு மழை” என்றாள் என் மனைவி. “ஸ்டுடியோ கூரை ஒழுகிட்டிருந்தது.”

இந்தத் தகவலோடு தலைவரிடம் போனோம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். திறக்காமலே பேசினார்.

“தீர்ப்பை மாற்றினால் மன்றம் தவறு செய்தது என்று ஆகும். மன்றம் தவறு செய்யாது என்பது எங்கள் முதல் விதி. மற்ற விதிகளை நான் இன்னும் படிக்கவில்லை, முதல் விதியே போதுமானதாக இருக்கிறது. ஆனால் அம்மா, இந்த வெற்றியில் உங்கள் பங்கை நாங்கள் மறக்கவில்லை. நீங்கள் வெளியே வந்ததால்தானே அதனால் நடிக்க முடிந்தது?”

அவள் அலமாரியை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. விழா மேடைக்குக் கவசம் தானாக நடந்து வராது. அதற்குள் அவள் இருந்து நடத்திக்கொண்டு வர வேண்டும், பேசக்கூடாது என்று செயலாளர் அன்பாகக் கேட்டுக்கொண்டார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் காலை மிதித்துவிட்டு, “சரி” என்றாள்.

வழியில் சொன்னாள்: “மேடைல போய் நின்னு மூடியைத் திறப்பேன். அத்தனை பேர் முன்னாடியும், கேமரா முன்னாடியும். உள்ள யார்னு பாக்கட்டும். அப்புறம் தயாரிப்பாளர் எப்படி மூடுவார்னு நான் பாக்கறேன்.”

விழாவன்று எனக்கு மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை. அதில் ‘கவசத்தின் உறவினர்’ என்று அச்சடித்திருந்தது. பக்கத்து இருக்கையில் ‘கவசம்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். முதல் வரிசையில் தயாரிப்பாளர் புதுக் கோட்டில் இருந்தார்.

கவசம் மேடையேறியது. அரங்கம் அதிர்ந்தது. நிமிர்ந்த அந்த நடையை நான் எங்கே இருந்தாலும் அடையாளம் கண்டுபிடிப்பேன். சமையலறையிலிருந்து கூடத்துக்கு அவள் அப்படித்தான் நடப்பாள். நடு மேடையில் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி மூடியைப் பிடித்துத் தூக்கினாள்.

மூடி வரவில்லை. மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

எனக்குப் பின்னால் நின்ற செயலாளர் குனிந்து என் காதில் கிசுகிசுத்தார். “திருகாணி போட்டுட்டோம் சார். விருது வாங்கறவங்க முகம் அவங்க முகமாவே இருக்கணும் பாருங்க. மரபு.”

கூட்டத்துக்கு அது தலைக்கு மேல் கைகூப்பியதாகத் தெரிந்தது போலும், இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவளுக்கு மூச்சு முட்டுமே என்று சட்டைப்பையில் திருப்புளியைத் தேடினேன். எழுந்து ஓடலாம் என்று நினைத்தபோது விளக்குகள் அணைந்தன. விருது பெற்ற காட்சியைத் திரையிட்டார்கள். காலி அறை, காலிக் கவசம். இருட்டில் யாரோ விசும்பினார்கள்.

கூரைத் தண்ணீர் திரையில் கன்னத்தைத் தாண்டும்போது, என் பக்கத்து இருக்கை கிறீச்சிட்டது.

அவள்தான். கவசத்துக்குள் போடும் பருத்தி உடுப்பு, வெறுங்கால், வியர்வையில் முகத்தோடு ஒட்டிய முடி. முதுகுத் தாழைத் திறந்து வெளியே வந்து, பக்கவாட்டுப் படியில் இறங்கி வந்திருக்கிறாள்.

“பின்பக்கம் திறந்தே கிடக்கு” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. “லைட் போட்டதும் பாருங்க. ஆளைக் காணோம்னு தேடுவாங்க. அப்ப நான் எழுந்து நிக்கறேன். இதுவும் நல்லதுதான்.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்குகள் எரிந்தன.

மேடையில் கவசம் நின்றுகொண்டிருந்தது. தலைவர் அதன் முன்னால் போய் நின்று, அதன் கையைத் தன் கைகளில் எடுத்துக்கொண்டார்.

“எத்தனையோ கலைஞர்களைக் கண்டவன் நான். எல்லோருமே பேசினார்கள். வாய்ப்புக் கேட்டார்கள், நியாயம் கேட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள். இதோ, இவர் எதையும் கேட்கவில்லை. இந்த மன்றம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் தேடிவந்த நடிகை இவர்தான்!”

யாரும் தேடவில்லை. அவள் எழுந்து நிற்கத் தயாராக இருக்கை நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்த பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது.

உள்ளே ஆள் இல்லாததால் கவசத்தின் இடுப்பு மெல்லத் தளர்ந்தது. அது தலைவருக்கு முன்னால் முழுதாகக் குனிந்து, குனிந்தபடியே நின்றது.

அரங்கமே எழுந்து நின்றது. “என்ன பணிவு!” என்றது ஒரு குரல். தலைவர் கைக்குட்டையை எடுத்தார். தயாரிப்பாளர் மேடைக்குத் தாவி ஒலிவாங்கியைப் பிடுங்கினார். “வாக்குக் கொடுத்திருந்தேன்! விருது வந்தா ஏழாவது படத்துல முகத்தைக் கிட்டக்க காட்டுவேன்னு! காட்டறேன்! ஏழாவது படத்துல கவசம் தனியா நடிக்குது, உள்ள யாருமே இல்லாம!”

எல்லாரும் நின்றுகொண்டிருந்ததால் உட்கார்ந்திருந்த அவள் யார் கண்ணிலும் படவில்லை. அவள் அழுதாள். ஆறு படங்களில் எங்கும் அழாதவள், அலமாரிக்குத் தோள் கொடுத்தபோது அழாதவள், சத்தமே இல்லாமல் அழுதாள். எனக்கு அந்தக் கட்டடத்தைத் தூண் தூணாகக் கழற்றிப் போட வேண்டும் போல இருந்தது. கேமரா ஒன்று அவளைக் கடந்து மேடைப் பக்கம் திரும்பிப் போயிற்று.

அரங்க ஒழுங்கைக் கவனிக்கும் அம்மாள் ஒருவர் டார்ச்சோடு வந்தார். இருக்கையில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இது கவசத்தோட சீட்டும்மா. எழுந்திருங்க. அழணும்னா வெளில போய் அழுங்க, இங்க நடிப்புக்கு மரியாதை பண்ணிட்டிருக்காங்க.”

அவள் எழுந்தாள். முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தினவள், துடைக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, எலும்பைத் தாண்டிடுச்சா?”

“கழுத்துக்கே வந்துடுச்சு” என்றேன்.